மூன்று தொண்டைகள், பன்னிரண்டு ஃபேடர்கள்: 'ஐ'ம் நாட் இன் லவ்' வழியில் ஒரு பாட்டை எழுதிப் பதிவு செய்வது எப்படி

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். 10சிசி குழுவின் 'ஐ'ம் நாட் இன் லவ்' பாட்டை, 1975-இல் வந்தது, ஹெட்ஃபோன் போட்டு ஒரு முறை முழுசாகக் கேட்டுவிட்டு வாருங்கள். ஆறு நிமிஷத்துக்கும் கொஞ்சம் மேலே ஓடும். பாடுகிறவரின் குரலுக்குப் பின்னால் மூடுபனி மாதிரி ஒன்று வந்து வந்து போகிறதே, அதை மட்டும் கவனியுங்கள். கேட்கிற பலர் அதை சிந்தசைசர் என்றோ வயலின் கூட்டம் என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். அது மூன்று ஆண்களின் "ஆ". நூற்றுக்கணக்கான தடவை பாடி, நாடாவில் அடுக்கி, மிக்ஸர் மேஜையின் ஃபேடர்களை, அதாவது ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கிற நகர்த்திகளை, ஆர்மோனியம் மாதிரி வாசித்து எடுத்தது.

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஸ்டாக்போர்ட் என்ற ஊர். அங்கே ஸ்ட்ராபெரி ஸ்டுடியோ. குழுவில் நான்கு பேர்: எரிக் ஸ்டூவர்ட், கிரஹாம் கோல்ட்மன், கெவின் காட்லி, லோல் க்ரீம். ஸ்டுடியோவில் ஸ்டூவர்ட்டுக்கும் பங்கு உண்டு, பதிவு செய்யும் வேலையும் அவருக்கே தெரியும். அதனால் மணிக்கணக்கு வாடகை பார்க்காமல் வாரக்கணக்கில் ஒரே விஷயத்தில் உட்கார முடிந்தது. இன்றைக்கு உங்களிடம் ஒரு பழைய லேப்டாப்பும் ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு மைக்கும் இருந்தால் அதே வசதி உங்களுக்கும் உண்டு, அதனால்தான் இந்தப் பாட்டை எடுத்துக்கொண்டேன். போன வருஷம் நானும் இரண்டு நண்பர்களும் இதே முறையில் ஒரு பாட்டு செய்து பார்த்தோம். எங்கே கை சுட்டது, எங்கே சரியாக வந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

படி 1: மறுக்கிற ஒரு வரியைப் பிடியுங்கள்

இந்தப் பாட்டு ஒரு வீட்டுப் பேச்சில் தொடங்கியது. "நீங்க ஏன் அடிக்கடி ஐ லவ் யூ சொல்றதில்ல?" என்கிற மாதிரி ஸ்டூவர்ட்டின் மனைவி கேட்டார். நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தால் அந்த வார்த்தைக்கு மதிப்பே போய்விடும் என்பது ஸ்டூவர்ட்டின் எண்ணம். சரி, அந்த வார்த்தையைச் சொல்லாமலே எப்படிச் சொல்வது? "எனக்குக் காதல் எல்லாம் இல்லை" என்று ஆரம்பித்து, அதற்கு ஒவ்வொரு காரணமாக அடுக்கிக்கொண்டே போனார். காரணங்கள் கூடக் கூட, கேட்கிறவருக்கு இவன் தலைகுப்புற விழுந்துவிட்டான் என்பது தெரிந்துவிடுகிறது.

அதில் ஒரு காரணத்தை மட்டும் கிட்டே போய்ப் பாருங்கள். உன் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்தான், ஆனால் அது அங்கே இருக்கிற கறையை மறைப்பதற்காக என்கிறான். சுவர், படம், கறை. மூன்றும் கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள். "நெஞ்சம்", "நினைவு", "உயிர்" என்று ஒரு சொல்கூட வேண்டியிருக்கவில்லை. பாட்டு எழுத உட்காருகிற நம் ஆட்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன், உணர்ச்சியின் பெயரையே எழுதிவிடுகிறார்கள்.

பயிற்சி இதுதான். நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிரான ஒரு வரியை எழுதுங்கள். அதற்குக் கீழே அதைக் காப்பாற்றப் பத்து சாக்கு எழுதுங்கள், ஒவ்வொரு சாக்கிலும் கையில் தூக்கக்கூடிய ஒரு பொருள் இருக்கட்டும். "உன் குடையைத் திருப்பித் தரலை, மழைக்காலம் முடியட்டும்னுதான்." "உன் நம்பரை அழிக்கலை, போன் மாத்தும்போது தானாப் போயிடும்னு விட்டுட்டேன்." பத்தில் ஏழு தேறாது. மீதி மூன்று போதும், இந்த மாதிரிப் பாட்டுக்கு அதற்கு மேல் தாங்காது.

படி 2: மெட்டு, ஆனால் கார்டுகள் அதிகம் குதிக்கக் கூடாது

ஸ்டூவர்ட்டும் கோல்ட்மனும் இரண்டு கிட்டாரை வைத்துக்கொண்டு சேர்ந்து இசையமைத்தார்கள். கோல்ட்மன் அதற்கு முன்பே மற்ற குழுக்களுக்கு ஹிட் பாடல்கள் எழுதிக் கொடுத்தவர், கார்டுகளில், அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டங்களில், அவர் கை நன்றாகவே தெரிகிறது. பாட்டின் மையத்தில் ஓர் இறக்கம் உண்டு: A மேஜரிலிருந்து A மைனர். மூன்று ஸ்வரத்தில் இரண்டு அப்படியே நிற்க, நடுவில் இருக்கிற C ஷார்ப் மட்டும் அரை ஸ்தானம் இறங்கி C ஆகிறது. அவ்வளவுதான் மாற்றம். வெளிச்சம் இருந்த அறையில் யாரோ ஜன்னலைச் சாத்தினாற்போல் இருக்கும். கீபோர்டு இருந்தால் இப்போதே வாசித்துப் பாருங்கள், படித்துப் புரிகிற விஷயம் இல்லை இது.

உங்கள் பாட்டுக்கும் பக்கத்துப் பக்கத்து கார்டுகளாகவே தேர்ந்தெடுங்கள். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது குறைந்தது ஒரு ஸ்வரமாவது அப்படியே நிற்க வேண்டும். ஏன் என்பது படி 6-இல் தெரியும்.

படி 3: முதல் வடிவத்தைத் தூக்கிப்போடத் தயாராக இருங்கள்

இந்தப் பாட்டை அவர்கள் முதலில் பதிவு செய்தது பிரேசிலின் போஸா நோவா தாளத்தில், கிட்டார், பேஸ், டிரம்ஸ் வைத்து. காட்லிக்குப் பிடிக்கவே இல்லை. கைவிட்டார்கள், நாடாவையும் அழித்துவிட்டார்கள். ஆனால் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர்கள் மட்டும் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை காட்லியே ஒரு யோசனை சொன்னார்: வாத்தியத்தையெல்லாம் விடுவோம், முழுக்கக் குரலாலேயே செய்வோம். அவ்வளவு குரலுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு, நாடா லூப், அதாவது முனைகளை ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிடுகிற நாடா வளையம், போடலாம் என்று வழி சொன்னவர் க்ரீம்.

அதனால் உங்கள் முதல் டெமோவை யாரிடமும் விளக்கம் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். இரண்டு நாள் கழித்து அவர்களில் யாராவது தன்னை அறியாமல் அந்த மெட்டை முனகினால் மெட்டு நிற்கிறது, ஏற்பாடுதான் தவறு. யாருமே முனகவில்லை என்றால் படி 2-க்குத் திரும்புங்கள். மூன்று வாரம் குரல் அடுக்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட இப்போதே தெரிந்துகொள்வது மேல்.

படி 4: எலும்புக்கூடு

குரல்களுக்கு முன்னால் ஒரு மெல்லிய அடித்தளம் வேண்டும். அவர்கள் வைத்தது மூன்றே பொருள்: ஸ்டூவர்ட் ஃபெண்டர் ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோ, கோல்ட்மன் தாளத்துக்கு ஒரு கிட்டார், காட்லி மூக் சிந்தசைசரில் செய்த ஒரு பாஸ் டிரம் ஒலி. அந்த டிரம் கிட்டத்தட்ட இதயத் துடிப்பு மாதிரிதான் இருக்கும், தாளமாக முன்னால் வந்து நிற்காது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். பதிவு மென்பொருளில் ஆடாசிட்டி இலவசம், ரீப்பர் இன்னும் வசதி, எதுவானாலும் சரி. வேகத்தை முடிவு செய்து, அதைத் தட்டிக்காட்டுகிற கிளிக் ஒலியைப் போட்டு, கீபோர்டில் கார்டுகளை முழுப் பாட்டுக்கும் வாசித்துவிடுங்கள். உங்கள் குரலில் ஒரு ஒப்புக்கு மேலே பாடி வையுங்கள். இதில் அரை நாளுக்கு மேல் செலவழிக்க வேண்டாம்.

படி 5: குரல்கள்

இதுதான் மலை. அவர்கள் எப்படி ஏறினார்கள் என்று பார்த்துவிட்டு நம் வழியைச் சொல்கிறேன்.

கோல்ட்மன், காட்லி, க்ரீம் மூவரும் மைக் முன்னால் நின்று ஒரே ஒரு ஸ்வரத்தை "ஆ" என்று பாடுவார்கள். ஸ்டூவர்ட் அதைப் பதிவு செய்வார். அதே ஸ்வரத்தை மறுபடி. இப்படிப் பதினாறு தடவை. மூன்று குரல் பதினாறு முறை என்றால் ஒரு ஸ்வரத்துக்கு 48 குரல். பிறகு அரை ஸ்தானம் தள்ளி அடுத்த ஸ்வரம். ஓர் ஆக்டேவில் (ஸ்தாயியில்) இருக்கிற எல்லா ஸ்வரஸ்தானங்களுக்கும் இதே வேலை. கணக்குப் போட்டுப் பாருங்கள், 500 குரலைத் தாண்டும். மூன்று வாரம் ஆனது. மூன்று வாரமும் "ஆ", "ஆ", "ஆ"! அந்தப் பொறுமையை நினைத்தாலே எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

நம் வழி. மூன்று பேர் கிடைத்தால் அதே கணக்கு: பன்னிரண்டு ஸ்வரம், ஒவ்வொன்றும் பதினாறு டேக் (ஒரு தடவை பாடிய பதிவு ஒரு டேக்), ஆக 192 டேக். ஒரு டேக் பதினைந்து விநாடி என்றால் வெறும் பாடும் நேரம் 48 நிமிஷம்தான், ஆனால் மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, கெட்டுப்போனதைத் திரும்பப் பாடி என்று நான்கு மாலை ஆகிவிடும். தனி ஆள் என்றால் ஸ்வரத்துக்குப் பன்னிரண்டு டேக் போதும்.

எந்த ஆக்டேவ்? கத்தாமல், தொண்டையை இறுக்காமல், பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டு பாட முடிகிற ஆக்டேவ். உச்சத்தில் இருக்கிற ஸ்வரத்தில் முகம் சுருங்கினால் முழுசையும் இரண்டு ஸ்தானம் இறக்குங்கள், பாட்டின் சுருதியையும் சேர்த்து.

சுருதிக்கு போனில் இருக்கிற தம்பூரா ஆப் ஒன்றைப் பாடவேண்டிய ஸ்வரத்தில் வைத்து ஒரு காதில் மட்டும் கேளுங்கள். கமகம் வேண்டாம், அசைவே வேண்டாம், நேர்க்கோடு மாதிரி நில்லுங்கள். நம் காதுக்குப் பழகிய பாட்டு முறையில் இதுதான் கஷ்டம், எங்கள் மூவரில் கர்நாடக சங்கீதம் கற்ற நண்பர்தான் மிகவும் சிரமப்பட்டார், குரல் தானாகவே அசைந்துவிடும்.

ஒவ்வொரு டேக்குக்கும் ஏதாவது ஒன்றை மாற்றுங்கள். அரை அடி தள்ளி நில்லுங்கள், இடம் மாறிக்கொள்ளுங்கள், ஒரு டேக்கில் வாயைக் கொஞ்சம் குவித்து "ஆ"வையும் "ஓ"வையும் நடுவில் பிடியுங்கள். குரல்களுக்குள் இருக்கிற நூலிழை வித்தியாசம்தான் கூட்டமாகக் கேட்க வைக்கிறது. தயவுசெய்து ஆட்டோ-டியூன் போடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே சுருதிக்கு இழுத்து ஒட்டினால் 48 பேர் மறைந்து, சத்தமான ஒரே ஆள் மிஞ்சுவார். மிகத் தெளிவாகத் தப்பியதை மட்டும் நீக்குங்கள்.

அப்புறம் சத்தம். ஃபேனை நிறுத்துங்கள், ஃபிரிட்ஜ் இருக்கிற அறை வேண்டாம், சுவரோரம் மெத்தையை நிமிர்த்தி வைத்து அதற்கு முன்னால் பாடுங்கள். ஒரு பதிவில் காதில் விழாத இரைச்சல், நூற்றுக்கணக்கான பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும்போது மழை மாதிரி கொட்டும். எங்களுக்கு F ஸ்வரத்தின் பதினோராவது டேக்கில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, மெலிதாக, கேட்காத மாதிரி. விட்டுவிட்டோம். லூப் போட்டதும் F வருகிற இடத்திலெல்லாம் பத்து விநாடிக்கு ஒரு முறை விசில்! மறுநாள் அந்த ஸ்வரம் முழுசையும் முதலிலிருந்து பாடினோம். ஒவ்வொரு டேக்கையும் முடிந்தவுடனே தனியாகக் கேட்டுவிடுங்கள்.

லூப் செய்வது

நாடாக் காலத்தில் இதற்கு எப்படி வழி கண்டார்கள் என்பது எனக்குப் பிடித்த பகுதி. அப்போது மெல்லோட்ரான் என்ற கீபோர்டு இருந்தது, ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நாடாத் துண்டு, அழுத்தினால் ஓடும், சுமார் எட்டு விநாடியில் நாடா தீர்ந்துவிடும். இவர்களுக்கோ தீராமல் ஒலிக்கிற குரல் வேண்டும். அதனால் 48 குரலைக் கலந்த நாடாவைச் சுமார் 12 அடி நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கினார்கள். அவ்வளவு நீள வளையம் எந்த மெஷினுக்குள் அடங்கும்? மெஷினில் நாடாவைப் படிக்கிற தலைப்பகுதி வழியாக ஓடவிட்டு, மீதியைத் தள்ளி நிற்கிற ஒரு மைக் ஸ்டாண்டைச் சுற்றி வரச் செய்தார்கள். ஏன் 12 அடி என்றால், ஒட்டுப்போட்ட இடம் கடக்கும்போது சின்னதாக ஒரு தடங்கல் கேட்கும், வளையம் நீளமானால் அது அடிக்கடி வராது.

உங்களுக்குக் கத்தரிக்கோல் வேண்டாம். ஒரு ஸ்வரத்தின் எல்லா டேக்குகளையும் இடதும் வலதுமாகப் பரப்பி, ஒரே ஸ்டீரியோ ஃபைலாக இறக்குங்கள். தொடக்கத்தில் குரல் எழும்புகிற இடத்தையும் கடைசியில் மூச்சு தேய்கிற இடத்தையும் வெட்டிவிட்டு, நடுவில் நிலையாக நிற்கிற பத்து விநாடியை எடுங்கள். அதைத் திரும்பத் திரும்ப ஒட்டும்போது ஒன்றின் கடைசி இரண்டு விநாடி அடுத்ததன் முதல் இரண்டு விநாடிமேல் ஏறும்படி கிராஸ்ஃபேட் போடுங்கள், ஒன்று தேயத் தேய மற்றது எழும். பன்னிரண்டு லூப்பும் ஒரே நீளத்தில் இருக்கக் கூடாது. ஒன்று ஒன்பது விநாடி, இன்னொன்று பத்தரை என்று மாறி மாறி வைத்தால் ஒட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வராது. பாட்டின் நீளத்துக்கும் மேலே அரை நிமிஷம் ஓடட்டும்.

படி 6: மிக்ஸரை வாசியுங்கள்

இப்போது உங்கள் திரையில் பன்னிரண்டு டிராக், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்வரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. எல்லாம் ஒன்றாகத் திறந்தால் காது கூசும். அந்த நான்கு பேரும் மேஜையில் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்குச் சில ஃபேடரைப் பிடித்துக்கொண்டு, எலும்புக்கூடு பாட்டு ஓட ஓட கார்டுக்கு ஏற்ப ஏற்றி இறக்கினார்கள். E கார்டு என்றால் E, G ஷார்ப், B மூன்றும் மேலே வரும். வாத்தியமே இல்லாமல் ஒரு வாத்தியம்.

A மேஜர் A மைனராகிற இடத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். A-வும் E-யும் அசையவே இல்லை. C ஷார்ப் பிடித்திருக்கிற விரல் மெதுவாகக் கீழே வருகிறது, பக்கத்து C மெதுவாக மேலே போகிறது. இரண்டும் பாதி வழியில் சந்திக்கிற ஒரு கணம் உண்டு, கார்டு எதுவென்றே தெரியாத ஒரு மயக்கம், பியானோவில் அதை வாசிக்க முடியாது. ஸ்வரம் நிற்க வேண்டும், குதிக்கக் கூடாது என்று படி 2-இல் சொன்னது இதற்காகத்தான்.

இன்னொரு நுணுக்கம், பாட்டின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பேன். ஃபேடர்களை முழுக்கக் கீழே இறக்க முடியாதபடி, அவை ஓடுகிற பள்ளத்தின் அடியில் கேஃபர் டேப்பை, அதாவது மேடையில் வயரைத் தரையோடு ஒட்டுகிற அந்தத் துணி டேப்பை, ஒட்டிவிட்டார்கள். அதனால் வேண்டாத ஸ்வரங்களும் முழுசாக அணையவில்லை, எல்லா ஸ்வரமும் அடியில் மெல்லிய முனகலாக இருந்துகொண்டே இருந்தது. கச்சேரியில் தம்பூரா நின்றால்தான் அது இருந்தது தெரியும் இல்லையா, அந்த மாதிரி, ஆனால் ச-ப-ச இல்லாமல் எல்லா ஸ்தானமும் சேர்ந்த ஒரு தம்பூரா. வாய் "இல்லை, இல்லை" என்கிறது, அடியில் அந்த முனகல் ஒரு நொடிகூட நிற்கவில்லை. வரிகள் மறைப்பதை ஒலி காட்டிக்கொடுக்கிறது. இந்தப் பாட்டை நான் இவ்வளவு விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

லேப்டாப்பில் செய்ய: ஒவ்வொரு டிராக்கின் மிகக் குறைந்த அளவை மைனஸ் 30 டெசிபல் பக்கம் வையுங்கள், முழு மௌனத்துக்குப் போகவே வேண்டாம். எட்டு ஃபேடர் இருக்கிற, கணினியோடு இணைகிற சின்ன மிடி கன்ட்ரோலர் கிடைத்தால் கடன் வாங்குங்கள், இரண்டு சுற்றாகப் பதிவு செய்யலாம். இல்லையென்றால் மவுஸால் வால்யூம் கோடு வரையலாம், வேலை நடக்கும். ஆனால் கணினி போட்டுத்தருகிற நேர்க்கோட்டை அப்படியே விடாதீர்கள், ஒரு ஃபேடர் கால் விநாடி முந்தட்டும், இன்னொன்று பிந்தட்டும். நான்கு பேரின் கைகள் ஒரே நேரத்தில் நகர்ந்திருக்காது. திருப்தியானதும் பன்னிரண்டையும் ஒரே ஸ்டீரியோ டிராக்காக இறக்கிவிட்டு, அதற்கப்புறம் அதைத் தொடாதீர்கள்.

படி 7: முன்னால் நிற்கிற குரல்

இது சுலபம், ஆனால் கெடுப்பதும் சுலபம். ஸ்டூவர்ட்டின் குரலைக் கேளுங்கள், பேசுகிற தூரத்தில் இருக்கிறது, இழுத்து அழவில்லை. மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்று, எதிரில் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பாடுங்கள். ரிவர்ப், அதாவது அறை எதிரொலி, மிகக் கொஞ்சம். பின்னால் அவ்வளவு பெரிய கடல் இருக்கும்போது முன்னால் இருப்பவர் உரக்கப் பாடினால் இரண்டும் வீண். கோரஸ் டிராக்கில், அதாவது படி 6-இல் இறக்கிய குரல் கூட்டத்தில், 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிட்டால் அடியில் டிரம்முக்கு இடம் கிடைக்கும்.

படி 8: நடுவில் கதவைத் திறந்து வையுங்கள்

பாட்டின் நடுப்பகுதியில் எல்லாம் அடங்கி, ஒரு பெண் குரல், பெரிய பையன்கள் அழமாட்டார்கள் என்கிற மாதிரி, திரும்பத் திரும்பக் கிசுகிசுக்கும். அது யாருடைய திட்டத்திலும் இருக்கவில்லை. அந்த வரியை யார் குரலில் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஸ்டுடியோவின் செயலர் கேத்தி ரெட்ஃபெர்ன் கதவைத் திறந்து, பதிவு நடக்கிறதே என்று குரலைத் தாழ்த்தி, ஸ்டூவர்ட்டுக்கு போன் வந்திருப்பதாகச் சொன்னார். இந்தக் குரல்தான் வேண்டும் என்று க்ரீம் பிடித்துக்கொண்டார். கேத்திக்குத் தயக்கம், பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். பாட்டில் ஒரு பொம்மை இசைப்பெட்டியும் மணிமணியாக ஒலிக்கும்.

இதைத் திட்டம் போட்டு வரவழைக்க முடியாது என்பது உண்மை, ஆனால் இடம் விட்டு வைக்கலாம். எட்டு பார், அதாவது எட்டு தாளச் சுற்று, காலியாக விடுங்கள். கிட்டார் தனி ஆவர்த்தனம் போட்டு நிரப்பத் துடிக்கும் கையைக் கட்டுங்கள். பதிவு நடக்கிற நாட்களில் வீட்டில் என்ன கேட்கிறது என்று காது கொடுங்கள். எங்கள் பாட்டில் அந்த இடத்தில் இருப்பது நண்பரின் பாட்டி, "ஏம்ப்பா, சாப்பிட்டுட்டுக் கத்துங்களேன்" என்கிறார். முழு வாக்கியத்தையும் வைக்கவில்லை, "சாப்பிட்டுட்டு" என்ற ஒரு சொல்லை மட்டும், மிக மெலிதாக. அவரைக் கேட்டுச் சம்மதம் வாங்கித்தான் வைத்தோம்.

படி 9: நீளமும் முடிவும்

1975-இல் இந்தப் பாட்டு பிரிட்டனில் இரண்டு வாரம் முதலிடம், அமெரிக்காவில் மூன்று வாரம் இரண்டாமிடம். ஆறு நிமிஷப் பாட்டு ரேடியோவுக்கு நீளம் என்ற பேச்சு அன்றைக்கும் இருந்தது. உங்கள் பாட்டு எவ்வளவு நீளமோ இருக்கட்டும், ஆனால் முதல் இருபது விநாடிக்குள் அந்தக் குரல் கூட்டம் ஒரு முறை எழும்பி அடங்கிவிட வேண்டும், கேட்கிறவர் உள்ளே வந்துவிடுவார்.

முடிவைச் சட்டென்று வெட்டாதீர்கள். பேசுகிற குரலை முதலில் நிறுத்துங்கள், பிறகு டிரம், பிறகு பியானோ. கோரஸை இன்னும் ஒரு முழு நிமிஷம் ஓடவிட்டு, அந்த ஒரு நிமிஷம் முழுக்க ஃபேடரைக் கையாலேயே இறக்குங்கள். முடிந்ததும் போன் ஸ்பீக்கரில் ஒரு தடவை, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் ஒரு தடவை கேளுங்கள். போனில் கோரஸ் காணாமல் போனால் இரண்டு டெசிபல் ஏற்றுங்கள். ஹெட்ஃபோனில் கடைசி விநாடிகளில் யாராவது மூச்சு விடுவது கேட்டால், அதை அழிக்க வேண்டாம்.